கரி பாய்லர் மக்கர் பண்ணினால்: புகையிலிருந்து நடுக்குழாய் மாற்றுவது வரை

தொண்டியில் தொடங்கி சாயல்குடி வரைக்கும் கடலோர டீக்கடைகளில் கரி போட்டு எரிக்கும் பழைய செம்பு, பித்தளை பாய்லர்கள் இன்னும் சில ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. தாத்தா வாங்கியதைப் பேரன் வைத்து டீ ஆற்றுகிறான். பட்டறைக்கு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது ஒன்றுதான்: "குழாய் போயிருச்சுண்ணே, மாத்தணும்." கரி எரியும் நடுக்குழாயைத்தான் சொல்கிறார்கள்; பேரல் என்றும் சொல்வதுண்டு. பிரித்துப் பார்த்தால் பல நேரம் குழாய் நன்றாகவே இருக்கும். பிழை டேப்பில் இருக்கும், கரியில் இருக்கும், சில சமயம் காற்றில்கூட இருக்கும். அதனால் கீழே உள்ளதைச் செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கிப் படியுங்கள். நடுக்குழாய் மாற்றுவது கடைசியில்தான் வரும்.

கை வைப்பதற்கு முன் மூன்று விஷயம். பாய்லர் முழுதாக ஆறியிருக்க வேண்டும். தண்ணீர் வற்றிக் காய்ந்துபோன பாய்லர் சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள்; தகடுகளைச் சேர்க்கும் ஒட்டு விடும், மேலே அடிக்கும் ஆவியில் முகமும் வேகும். மூடியில் இருக்கும் ஆவி ஓட்டையை எதற்காகவும் அடைக்காதீர்கள், இது அழுத்தம் தாங்கும் பாத்திரம் அல்ல. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே கரி எரித்துச் சோதிக்கவும் வேண்டாம். கரிப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளை மயக்கிவிடும்.

புகைகிறது, கரி பிடிக்கவில்லை

முதலில் சாம்பல். ராத்திரி கடை சாத்தும்போது சாம்பலை அள்ளாமல் விட்டால், கடல் காற்றின் ஈரத்தை இழுத்து விடிவதற்குள் அது பொருக்குத் தட்டிவிடும். அடிச் சல்லடையின் கண்கள் அடைபட்டால் கீழிருந்து காற்று ஏறாது. சல்லடையை வெளியே எடுத்துக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கண்கள் திறந்திருந்தும் நடுக்கம்பிகள் தேய்ந்து தொங்கினால் சல்லடையை மாற்றுங்கள். சாதாரண இரும்புதான், எந்த வெல்டிங் கடையிலும் செய்து தருவார்கள்.

அடுத்தது கரி. நமக்குக் கிடைப்பது சீமைக்கருவேலங்கரி. கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் மூட்டம் போட்டு எடுப்பது. நன்றாக வெந்த கரி இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று சத்தம் வரும். மொத்தென்று கேட்டு, உடைத்த இடம் பழுப்பாகத் தெரிந்தால் அது வேகாத கட்டை. எவ்வளவு விசிறினாலும் புகையத்தான் செய்யும். மழைக்காலத்தில் மூட்டையைச் சிமெண்டுத் தரையில் வைத்தாலும் இதே கதைதான். கீழே பலகை போடுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால் காற்றைப் பாருங்கள். மண்டபம், பாம்பன் பக்கம் வடகடலைப் பார்த்த கடை வாடைக்காற்றில் புகையும், தென்கடலைப் பார்த்த கடை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் புகையும். காற்று திரும்பிய வாரத்தில் புகைய ஆரம்பித்தது என்றால் பாய்லரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடியில் காற்று ஏறும் வாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள், அல்லது குழாயின் மேல்வாயில் காற்று நேராக அடிக்காதபடி ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்துங்கள். அதிலேயே சரியாகிவிடும்.

அப்புறமும் புகைந்தால் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே வைத்த பால் சட்டி பொங்கிப் பொங்கிக் குழாய்க்குள் கருகிய அடை பிடித்திருக்கும். பனந்தும்பு பிரஷ், மரக்குச்சி போதும். உளியை உள்ளே விடாதீர்கள். சுத்தம் செய்தபின் குழாய் ஓரிடத்தில் உள்பக்கம் அமுங்கி இருப்பது தெரிந்தால், எப்போதோ தண்ணீர் இல்லாமல் எரித்திருக்கிறார்கள். அதற்குக் கடைசிப் பகுதி.

கொதிக்கத் தாமதமாகிறது, கரி அதிகம் தின்கிறது

தண்ணீர் கொதிப்பது சத்தத்தில் தெரிவதற்காக உள்ளே போட்ட காசு முன்போல ஆடுகிறதா என்று கேளுங்கள். அந்தச் சத்தம் நின்றிருந்தால் காசு உப்புப் படிவுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். படிவு பிடிப்பதன் வேகம் தண்ணீரைப் பொறுத்தது. காவிரிக் குழாய்த் தண்ணீர் வராத நாட்களில் கிணற்றுத் தண்ணீரையோ போர்த் தண்ணீரையோ ஊற்றுகிற கடையில் நடுக்குழாயைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு சீக்கிரம் ஏறும். கரி அதிகம் ஆவது இதில் சின்ன நஷ்டம். படிவு ஏறிய இடத்தில் தகட்டின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ள முடியாது. அதே இடம்தான் பின்னால் ஓட்டையாகும்.

படிவு காகிதம் போல மெல்லியதாக இருந்தால் வீட்டிலேயே எடுக்கலாம். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் தருவார்கள். லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் கணக்கில் வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து ஊற்றி, அரை மணி நேரம் விட்டுக் கொட்டிவிடுங்கள். வேண்டுமானால் மறுநாள் இன்னொரு தடவை செய்யலாம். ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டாம், உள்ளே இருக்கும் ஈயப் பூச்சையும் அது அரிக்கும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை மட்டும் இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். அது பூச்சையும் தின்று, பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தையும் தின்றுவிடும்.

காசு கனத்துக்குப் படிவு ஏறிவிட்டால் தட்டி எடுக்கப் பார்க்காதீர்கள், தகடும் சேர்ந்து கிழியும். பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

அடியில் வெளிப்பக்கம் ஈரம், மேடை நனைகிறது

இது அநேகமாக டேப்பு. பாய்லரின் உடம்பைத் துடைத்துவிட்டு, டேப்புக்கு நேர் கீழே ஒரு காய்ந்த பேப்பரும் எதிர்ப்பக்கம் இன்னொன்றும் வையுங்கள். எது முதலில் நனைகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பழைய பாய்லர் டேப்பில் வாஷர் கிடையாது. கூம்பு வடிவக் கட்டை ஒன்று உடம்போடு ஒட்டித் திரும்பும், அவ்வளவுதான். உப்பும் டீத்தூளும் ஏறி அந்தக் கட்டையில் கோடு விழுந்தால் சொட்டும். படகு எஞ்சின் பார்க்கிறவர்களிடம் வால்வு தேய்க்கும் பேஸ்ட் இருக்கும். நைஸ் ரகமாகக் கொஞ்சம் வாங்கிக் கட்டையில் தடவி, உடம்புக்குள் வைத்து அரைச்சுற்று இப்படியும் அப்படியுமாகத் திருப்பித் தேயுங்கள். கட்டை முழுக்க ஒரே மாதிரி மங்கலாக வந்ததும் நிறுத்துங்கள். பேஸ்ட் துளியும் மிஞ்சாமல் சோப்பு போட்டுச் சுடுதண்ணீரில் கழுவ வேண்டும். அது கண்ணாடித்தூள் மாதிரி, டீயில் வரக்கூடாத பொருள்.

டேப்பு உடம்போடு சேரும் இடத்தில் கசிந்தால் அது ஒட்டு வேலை. கை வைக்காதீர்கள்.

தண்ணீரில் செம்பு வாடை, உள்ளே பச்சை

இதற்குச் சோதனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்து பாருங்கள். வெள்ளிபோல இருக்க வேண்டிய உள்பக்கம் சிவப்பாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் ஈயப் பூச்சு போய்விட்டது. பச்சைக் களிம்பு தெரிந்தால் அன்றைக்கே டீ போடுவதை நிறுத்துங்கள். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், ஆனால் பூச்சு திரும்பி வராது.

ஈயம் பூசுகிறவரிடம் கொடுக்கும்போது வெள்ளீயம் மட்டும்தான் என்று சொல்லி, முடிந்தால் கூடவே நில்லுங்கள். காரீயம் கலந்தது சீக்கிரம் உருகும், விலையும் குறைவு, அதனால் கலக்க ஆசை வரும். அது விஷம்.

சாம்பல் தட்டில் ஈரம், கரி 'உஸ்' என்கிறது

குழாயைச் சந்தேகப்பட வேண்டிய அறிகுறி இதுதான். ஆனாலும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்.

காலையில் பற்றவைத்த முதல் பத்து நிமிடம் மட்டும் ஈரம் தெரிந்து அப்புறம் நின்றுவிட்டால், குளிர்ந்த தகட்டில் புகையின் ஈரம் வியர்த்து இறங்கியது. விட்டுவிடுங்கள். ஈரத்தில் பால் கருகிய வாடை வந்தால் மேலே சட்டி பொங்குகிறது. தண்ணீரை விளிம்பு வரை ஊற்றினால் கொதிக்கும்போது தளும்பிக் குழாய்க்குள் விழும். நாலு விரல் குறைத்து ஊற்றிப் பாருங்கள்.

இது எதுவும் இல்லை என்றால் மட்டச் சோதனை. ராத்திரி ஆறியபின் தண்ணீர், கரி, சாம்பல், சல்லடை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் குழாயின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். அடியில் காய்ந்த பேப்பர் வையுங்கள். முதலில் கால் பாய்லர் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் பாருங்கள். நனையவில்லை என்றால் அரைப் பாய்லர், அப்புறம் முக்கால். எந்த மட்டத்துக்கு ஏறியபோது சொட்ட ஆரம்பித்ததோ அதற்குச் சற்றுக் கீழேதான் ஓட்டை. கால் பாய்லரிலேயே சொட்டினால் அடி ஒட்டாகவோ சல்லடையை ஒட்டிய பகுதியாகவோ இருக்கும். நெருப்பு அதிகமாகத் தின்பதும் அங்கேதான், ஈரச் சாம்பல் கிடந்து அரிப்பதும் அங்கேதான்.

இப்போது தண்ணீரைக் கொட்டிவிட்டு விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சை ஒரு கம்பியில் கட்டிக் குழாய்க்குள் இறக்குங்கள். தண்ணீர் ஊற்றும் வாய் வழியாகப் பாருங்கள். ஓட்டை இருந்தால் ஒளிப்புள்ளி தெரியும். ஒளி தெரியாமலே கசிந்தால் ஒட்டு விட்டிருக்கிறது என்று பொருள்.

- ஒட்டு மட்டும் விட்டிருந்தால்: மறு ஒட்டு போதும், குழாய் மாற்ற வேண்டாம்.
- ஒரே புள்ளி, சுற்றித் தகடு கெட்டியாக இருந்தால்: சின்னத் துண்டு வைத்துப் பிரேசிங் (கேஸ் சூட்டில் கம்பியை உருக்கி ஒட்டுவது) செய்யலாம். கொஞ்ச காலம் ஓடும்.
- இரண்டு மூன்று புள்ளிகள், அல்லது மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டினால் தகடு உள்வாங்குகிறது: மாற்ற வேண்டியதுதான்.
- பித்தளைக் குழாயில் மஞ்சளுக்கு நடுவே செம்பு நிறத் திட்டுகள்: உப்புக்காற்று துத்தநாகத்தை உறிஞ்சிவிட்டது. பார்க்கத் தகடாக இருக்கும், அமுக்கினால் நொறுங்கும். ஓட்டை ஒன்றே ஒன்றானாலும் மாற்றுங்கள்.

எபாக்சி பசை வைத்து அடைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நெருப்புப் பக்கம் அது கருகிவிடும், தண்ணீர்ப் பக்கம் போனால் டீயில் கலக்கும். வேண்டாம்.

குழாயே போய்விட்டது: மாற்றும்போது

அடி ஒட்டும் மேல் ஒட்டும் நீங்கள் செய்கிற வேலை அல்ல. ஆனால் எதை மாற்ற வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் வேலை சரியாக வரும்.

துறைமுகத்தை நம்பிய கடையானால் இதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். வியாபாரம் மந்தமாக இருக்கும் அந்த நாட்களில் பாய்லரை இறக்குங்கள். சீசனில் கொடுத்துவிட்டுத் தினமும் பட்டறையில் வந்து நின்றால் அவசர வேலைதான் கிடைக்கும்.

யாரிடம் கொடுப்பது? படகுக்கு வெல்டிங் அடிப்பவர்கள் கைதேர்ந்தவர்கள்தான், ஆனால் அவர்கள் வேலை இரும்பு. கரண்டு வெல்டிங்கை மெல்லிய செம்புத் தகட்டில் வைத்தால் ஓட்டை பெரிதாகும். பாத்திரம் அடிக்கும் கன்னார் பட்டறை கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் ஏ.சி., ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைக் கேளுங்கள். செம்புக் குழாயைக் கேஸ் வைத்து ஒட்டுவது அவருக்கு அன்றாட வேலை. அவர் கையில் இருக்கும் காப்பர் பாஸ்பரஸ் கம்பி செம்போடு செம்பை ஒட்ட நல்லது. பித்தளை சேர்ந்தால் ஒட்டு பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் மருந்தும் வேண்டும். இரும்போடு ஒட்ட அந்தக் கம்பி ஆகாது, விரிசல் விடும். கரிக்குப் பதில் கோக் (நிலக்கரியைச் சுட்டு எடுப்பது) எரிக்கிற கடை என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோக்கில் இருக்கும் கந்தகம் அந்த ஒட்டை அரிக்கும், அதனால் காட்மியம் இல்லாத, வெள்ளி கலந்த ஒட்டுக்கம்பிதான் சரி.

தகடு செம்பாக இருக்கட்டும். பழைய குழாய் பித்தளை என்றாலும் புதியது செம்பாக இருந்தால் உப்புக்காற்றுக்குக் கூடுதல் நாள் தாங்கும். ஜி.ஐ. தகடு மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நெருப்பில் அதன் துத்தநாகப் பூச்சு நிற்காது, பூச்சு போன இரும்பைச் செம்புக்குப் பக்கத்தில் உப்பு ஈரத்தில் வைத்தால் அது மளமளவென்று துருவாகும். கனம் 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர். 18 கேஜில் செய்தால் விலை குறையும், ஆயுளும் குறையும்.

அளவை நீங்களே எடுத்து எழுதிக்கொடுங்கள். மேல்வாய் விட்டம், அடி விட்டம், உயரம், சல்லடை உட்காரும் விளிம்பு அடியிலிருந்து எவ்வளவு உயரம். பல குழாய்கள் மேலே ஒடுங்கி இருக்கும். அதை நேர்க்குழாயாகச் செய்துவிட்டால் இழுப்பு மாறும், புகையும். தகட்டின் அகலத்துக்கு விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி மடிப்புக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். செம்பு எடைக்கு விலை என்பதால் எடையும் தெரிந்திருப்பது நல்லது. 10 சென்டிமீட்டர் விட்டம், 50 சென்டிமீட்டர் உயரம், 16 கேஜ் என்றால் மடிப்பு போக ஏறக்குறைய இரண்டேகால் கிலோ வரும். கழற்றிய பழைய குழாயையும் எடை போட்டுக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய செம்புக்கு விலை உண்டு.

பழையதைக் கழற்றும்போது ஒட்டு எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும். வெள்ளீய ஒட்டு 232 டிகிரியில் உருகும், ஊதுவிளக்கு பிடித்தாலே இளகி வரும். பிரேசிங் ஒட்டு அப்படி வராது. அதைப் பழுக்கக் காய்ச்சி உடம்பின் தகட்டைக் கெடுப்பதைவிட, ஒட்டுக்கு அரை அங்குலம் தள்ளி வெட்டிவிட்டு மிச்சத்தைக் கழுத்தாக வைத்துக்கொண்டு அதில் புதுக்குழாயைச் செருகுவது நல்லது. குழாயின் நீள மடிப்பு டேப்புப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றும் வாய்க்கு நேராக இருந்தால் பிற்பாடு எட்டிப் பார்க்க வசதி.

இனி வரிசை. இதில்தான் பெரும்பாலான வேலை கெடுகிறது. பிரேசிங் எல்லாம் முடிந்த பிறகுதான் ஈயம் பூச வேண்டும். ஈயம் பூசிவிட்டு ஒட்டப் போனால் ஒட்டைச் சுற்றிப் பூச்சு கருகும், கருகிய இடத்தில் களிம்பு முதலில் ஏறும். அடித்தகடு தனியாகக் கழன்று வரும் பாய்லர் என்றால் மேல் ஒட்டைப் பிரேசிங்கில் முடித்து, உள்பக்கமும் குழாயின் தண்ணீர்ப் பக்கமும் ஈயம் பூசி, கடைசியில் அடியை வெள்ளீயத்தால் மூடலாம். நெருப்புக்குப் பக்கத்தில் ஈய ஒட்டு எப்படித் தாங்கும் என்று கேட்பீர்கள். மறுபக்கம் தண்ணீர் நிற்கும் வரை அந்த ஒட்டு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. தண்ணீர் வற்றினால் போச்சு.

ஈயம் பூசும் முன்னால் (அடியைக் கடைசியில் மூடும் பாய்லர் என்றால் மூடிய பிறகு) மட்டச் சோதனையை மறுபடி செய்யுங்கள், இந்த முறை முழுப் பாய்லர் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க. பூசிய பிறகு கசிவு கண்டுபிடித்தால் பூச்சுக் கூலி வீண். பட்டறைக்காரர் "சொட்டாது, எடுத்துட்டுப் போங்க" என்றால், இருக்கட்டும் என்று அங்கேயே தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு மறுநாள் வாருங்கள்.

கடைக்குக் கொண்டுவந்ததும் தண்ணீரை முதலில் ஊற்றி, அப்புறம் கரியைப் போடுங்கள். முதல் நாள் பாதிக் கரி போதும். கொதித்ததும் டார்ச்சை வைத்துச் சாம்பல் தட்டையும் மேல் ஒட்டையும் பாருங்கள். சூட்டில் விரியும்போது மட்டும் சொட்டுகிற ஒட்டு குளிர்ந்த சோதனையில் சிக்காது. அப்படி ஏதாவது தெரிந்தால் அடைக்க முயலாமல், ஆறியதும் சாக்பீஸால் இடத்தைக் குறித்து அதே பட்டறைக்கு அனுப்புங்கள். சொட்டாவிட்டால் முதல் இரண்டு கொதிப்பின் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஈயம் பூசும்போது தூவும் நவச்சாரத்தின் வாடை போய்விடும், மூன்றாவதில் டீ போடலாம்.